மேம்பாலத்தில் மக்காச்சோளம்

கோவை மாநகர மக்களின் மேலான பார்வைக்கு ஒரு திட்டம். வருகிற தை முதல், கொங்கு நாட்டில் அறுவடையாகும் மக்காச்சோளம், நெல், சோளம், கொள்ளு அத்தனையையும் காந்திபுரத்துக்குக் கொண்டுவந்து காயப்போட வேண்டும். லாரி வாடகையை மாநகராட்சி ஏற்கலாம். ஸ்மார்ட் சிட்டிக்குக் கொட்டிய கோடிகளில் இது சுண்டைக்காய்.

முகம் சுளிக்காதீர்கள். புகார் கொடுத்தது நீங்கள்தான். "நடுரோட்டுல சோளத்தக் கொட்டி வெச்சிருக்காங்க, கேக்க ஆளே இல்ல" என்று காரை ஓரங்கட்டி, கண்ணாடியை இறக்கி, வீடியோ எடுத்து, கலெக்டரையும் எஸ்.பி.யையும் சேர்த்துப் பதிவு போட்டது நீங்கள்தான். பழனிக்குப் போகிற வழியில், தாராபுரம் ரோட்டில், உடுமலை தாண்டிய சர்வீஸ் ரோட்டில் விவசாயி உங்களை ஐந்து நிமிடம் தாமதப்படுத்திவிட்டான். கிராமத்து ரோடு உங்கள் காருக்கு என்று முடிவாகிவிட்டால், நகரத்து ரோட்டை அவன் சோளத்துக்குக் கொடுப்பதுதானே நியாயம்? பண்டமாற்று நம் பழைய வழக்கம்தான்.

இட ஒதுக்கீட்டையும் போட்டு வைத்திருக்கிறேன்.

முதலில் அவினாசி ரோடு மேம்பாலம். 2025 அக்டோபர் 9-ம் தேதி திறந்தது. நீளம் 10.1 கிலோமீட்டர், செலவு 1,791 கோடி ரூபாய். அகலத்தை 17 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் பரப்பு ஒரு லட்சத்து எழுபதாயிரம் சதுர மீட்டர். காட்டுக் கணக்கில் 42 ஏக்கர். மேடு பள்ளம் கிடையாது, மரநிழல் விழாது, மாடு மேயாது, காலை முதல் சாயங்காலம் வரை வெயில் நிற்கும். இப்படி ஒரு களத்தைக் கொங்கு நாட்டில் எந்தப் பட்டக்காரரும் கண்டதில்லை. மக்காச்சோளத்தை நாலு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பினால் சதுர மீட்டருக்கு 25 கிலோவுக்குக் குறையாது. ஒரே ஈட்டில் நாலாயிரம் டன்னுக்கு மேல் காயும். பாலத்துக்கு ஜி.டி. நாயுடுவின் பெயர். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே பஸ் விட்டுத் தொழிலைத் தொடங்கியவர் அவர். அந்தத் தடத்தின் இரண்டு பக்கமும் இன்றைக்கு மக்காச்சோளக் காடு. பேருக்குப் பொருத்தமான உபயோகம்தான்.

அடுத்தது காந்திபுரம் இரண்டடுக்கு மேம்பாலம். மேலே நெல், கீழே சாக்குப்பையும் தைக்கிற ஊசியும். கிராஸ்கட் ரோட்டைக் கொள்ளுக்கு ஒதுக்க யோசித்தேன். கொள்ளுச் செடியை ரோட்டில் போட்டால் வண்டிகள் ஏறி ஏறி மணி தானாக உதிரும். ஆனால் கிராஸ்கட் ரோட்டில் வண்டிகள் நகர்கிற வேகத்துக்குத் தீபாவளி வந்தாலும் ஒரு மணி உதிராது. அதனால் கொள்ளு நூறடி ரோட்டுக்கு. கடைசியாக, பழைய சிறை மைதானத்தில் 45 ஏக்கரில் 208.50 கோடி செலவில் 2025 நவம்பரில் திறந்த செம்மொழிப் பூங்கா. புல்தரை ஈரம் என்பதால் நடைபாதையில் மட்டும் பரப்பலாம். விவசாயிக்கும் நுழைவுச்சீட்டு உண்டா, மூட்டைக்குத் தனிச் சீட்டா என்பதை அதிகாரிகள் தெளிவுபடுத்தினால் போதும்.

போக்குவரத்து என்ன ஆகும் என்று கேட்பீர்கள். ரோட்டை மறிப்பது இந்த ஊருக்குப் புதிதா? ஞாயிற்றுக்கிழமை காலையில் ரோட்டை அடைத்து ஆடிப்பாடினால் அதற்கு 'ஹேப்பி ஸ்ட்ரீட்ஸ்' என்று பெயர், போலீஸ் பந்தோபஸ்து உண்டு. மாரத்தான் ஓடினால் ஆம்புலன்ஸ் முதலாக எல்லாம் சுற்றிப்போகும். தலைவர் வருகிறார் என்றால் ரோட்டைத் தோண்டிக் கொடிக்கம்பம் நடலாம், ஃபிளெக்ஸ் விழுந்து ஆள் செத்தாலும் நடலாம். தின்கிற தானியம் நாலு நாள் காய்ந்தால் மட்டும் அதற்கு ஆக்கிரமிப்பு என்று பெயர்.

விபத்து நடப்பது பொய்யில்லை. ராத்திரியில் சோளத்தைச் சுற்றி வைத்த கல் வரிசை கண்ணுக்குத் தெரியாமல் பைக்கில் வந்தவர்கள் விழுந்திருக்கிறார்கள், செத்தும் இருக்கிறார்கள். அந்தக் குடும்பங்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் பதில் சொல்ல வேண்டியவன் படுதாவுக்குப் பக்கத்தில் டார்ச் லைட்டோடு உட்கார்ந்திருக்கிற விவசாயி இல்லை. அவனை அங்கே உட்கார வைத்தவர்கள் வேறு.

அவன் படுகிற பாட்டை ஒருநாள் இறங்கி நின்று பாருங்கள். காலை ஒன்பது மணிக்குத் தார் சூடேறியதும் படுதாவை உருவிக் குவியலைப் பரப்புவான். பிறகு வெறுங்காலோடு உள்ளே இறங்கி, காலை இழுத்து இழுத்துச் சால் போடுவான். அடியில் இருக்கிற மணி மேலே வர வேண்டும். மணிக்கொரு தடவை இதே வேலை, உச்சி வெயிலிலும் இதே வேலை. பாதியில் லாரி ஒன்று ஓரமாக ஏறி இரண்டு மூட்டைச் சோளத்தைச் சிதறடித்துவிட்டுப் போகும். அவன் சம்சாரம் சீமாறு எடுத்துக் கூட்டி, முறத்தில் போட்டுக் கல்லையும் டயர் மண்ணையும் புடைப்பாள். நாலு மணிக்கு மேல் மறுபடி குவியல், பனி இறங்குவதற்குள் படுதா, சுற்றிலும் கல். ராத்திரி கட்டிலை ரோட்டோரம் போட்டு நாய்க்குத் துணையாகப் படுப்பான். தார் சூடு அதிகமானால் நெல்லுக்குள் அரிசி வெடித்து மில்லில் நொய்யாகும் என்பதும் அவனுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? ஹைவேஸ்காரர் வந்து அதட்டினால் அவனிடம் ஒரே கேள்விதான் இருக்கிறது: "ஏனுங் சார், ரோட்ட உட்டா வேற எடம் எங்கீங்க இருக்குது?"

ஜீப்பில் வந்தவரிடம் பதில் கிடையாது. நோட்டீஸ் மட்டும் உண்டு.

இடம் இருந்தது. ஊருக்கு ஊர் களம் இருந்தது. வருவாய்த் துறைப் பதிவேட்டில் களம் புறம்போக்கு என்றே தனிக் கணக்கு இருந்தது. இன்று போய்ப் பாருங்கள். அந்த இடத்தில் மேல்நிலைத் தொட்டி இருக்கும், ரேஷன் கடை இருக்கும், சட்டமன்ற உறுப்பினர் பெயர் போட்ட நிழற்குடை இருக்கும். மிச்சத்தில் யாரோ கம்பி வேலி போட்டிருப்பார்கள். சொந்தக் களம் வைத்திருந்த பெரிய காடுகள் சைட் போட்டு விற்பனைக்கு நிற்கின்றன. நுழைவாயில் வளைவில் 'கிரீன்' என்று பெயர் இருக்கும், உள்ளே ஒரு பச்சை கிடையாது. சில ஊர்களில் அரசு உலர்களம் கட்டியிருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். கல்வெட்டை நிதானமாகப் படித்து முடிப்பதற்குள் களத்தைச் சுற்றி வந்துவிடலாம்.

களம் போன அதே காலத்தில்தான் அறுவடை மெஷின் வந்தது. முன்பு நெல்லை ஆள் வைத்து அறுத்து, தாளோடு வயலிலேயே கிடத்தி, கட்டாகக் கட்டிப் போர் போட்டு, அப்புறம்தான் அடிப்பார்கள். மக்காச்சோளக் கதிரைச் செடியிலேயே காயவிட்டு, ஒடித்துக் குவித்து, வியாபாரி வருகிறபோது மணி உதிர்ப்பார்கள். காய்கிற வேலை பாதி தானாக நடந்தது. இன்று மெஷின் ஒரு ஏக்கரை மணிக்கணக்கில் முடித்துக் கொட்டிவிட்டுப் போகிறது. கொட்டுகிற நெல்லில் ஈரம் இருபது சதவீதத்துக்கு மேல். அறுக்கிற மெஷினுக்கு மானியம் கொடுத்த அரசுக்கு, அறுத்த பிறகு அது எங்கே காயும் என்ற கேள்வி இத்தனை வருடமாக எழவில்லை. வயல் 2025-க்கு வந்துவிட்டது, களம் ராஜாக்கள் காலத்தில் இருந்ததையும் இழந்துவிட்டது.

களத்தில் என்ன பெரிய காசு என்று கேட்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. 100 கிலோ மக்காச்சோளம் 20 சதவீத ஈரத்திலிருந்து 14-க்கு இறங்கினால் 93 கிலோ நிற்கும். ஏழு கிலோ தண்ணீர் போகும், அது நியாயம். கோழித்தீவனக்காரர் அந்த 14-ஐத்தான் கேட்கிறார். ஆனால் காய வைக்க இடமில்லாதவன் ஈரத்தோடு விற்கப் போனால், வியாபாரி குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்ப்பார், ஒரு மணியைக் கடித்துப் பார்ப்பார், மீட்டரை அவர் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "ஈரம் சாஸ்தியா இருக்குதுங்களே" என்பார். அதற்குப் பிறகு ஏழு கிலோ என்பது புத்தகத்தில் இருக்கிற கணக்கு, கழிவு என்பது வியாபாரி வாயில் வருகிற கணக்கு. ஈரச் சோளத்தை வாங்கிய அதே வியாபாரி அதைத் தன் களத்தில் நாலு நாள் காயவைத்து முழு விலைக்கு விற்பார். காங்கேயம் பக்கம் போனால் கொப்பரைக் களங்களைப் பார்க்கலாம், கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளையாக. வாங்குகிறவனுக்குக் களம் இருக்கிறது, விளைவித்தவனுக்கு நெடுஞ்சாலை இருக்கிறது. லாபம் வெயிலில் இல்லை, வெயில் விழுகிற தரையில் இருக்கிறது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். அந்த உழக்கு எங்கே போகிறது என்று தெரிய வேண்டுமானால் யாருக்குக் களம் இருக்கிறது என்று பாருங்கள்.

நெல்லுக்காவது திட்டுவதற்கு ஒரு கொள்முதல் நிலையம் உண்டு. மக்காச்சோளத்துக்கு அதுவும் இல்லை. 2025-26-க்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். அந்த விலைக்கு வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் உடுமலையில் யாருக்கும் கிடையாது. டெல்லியில் அறிவித்ததோடு விலையின் வேலை முடிந்தது.

நெல்லின் கதையைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972-ல் தொடங்கியதிலிருந்து எத்தனை அறுவடை கண்டுவிட்டது! 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் நெல்லை எடுக்கக் கூடாது என்பது விதி. ஐப்பசி மழையில் அறுத்த நெல்லில் 17-க்கு எங்கே போவது? அதற்கு ஒரு சடங்கு வைத்திருக்கிறார்கள். மழை பெய்யும், நெல் நனையும். மாநில அரசு டெல்லிக்குக் கடிதம் எழுதும். டெல்லியிலிருந்து ஒரு குழு காரில் வந்து இறங்கி, நெல்லைக் கையில் அள்ளி, கேமரா பக்கம் திரும்பி நிற்கும். மாதிரியைப் பையில் போட்டுக்கொண்டு போகும். குழு அறிக்கை எழுதி முடிப்பதற்குள் நெல் முளைவிட்டிருக்கும். சில ஆண்டு 19 சதவீதம் வரை தளர்வு கிடைக்கும், 2023-ல் 20 கிடைத்தது. 2025-ல் குறுவை நெல்லுக்கு 22 கேட்டார்கள். நவம்பரில் பதில் வந்தது: முடியாது.

அதே நவம்பர் 19-ம் தேதி நம்ம கொடிசியாவில் தென்னிந்திய இயற்கை வேளாண்மை மாநாட்டைப் பிரதமர் தொடங்கி வைத்தார். விவசாயிகள் துண்டைச் சுழற்றியதைப் பார்த்து, பீகார் காற்று இங்கேயும் வந்துவிட்டதோ என்று மேடையில் மகிழ்ந்தார். காற்று வீசியது உண்மை. நெல்தான் காயவில்லை.

தண்ணீரில் மலர்கிற பூவைச் சின்னமாக வைத்திருக்கிற கட்சிக்கு நெல்லில் கூடுதலாக ஐந்து சதவீதத் தண்ணீர் பொறுக்கவில்லை. சூரியனைச் சின்னமாக வைத்திருக்கிற கட்சி, நெல்லைக் காயவைக்க வழி தேடாமல் ஈரத்துக்கு விலக்குக் கேட்டுக் கடிதம் எழுதியது. இலையைச் சின்னமாக வைத்திருக்கிற கட்சிக்கு எதிர்க்கட்சியாக இருக்கிற ஆண்டுகளில் மட்டும் முளைத்த நெல் கண்ணில் படுகிறது. அவர்கள் கோட்டையில் இருந்த ஆண்டுகளிலும் அது முளைத்துக்கொண்டுதான் இருந்தது. முளைப்பதற்கு நெல் ஆட்சி பார்ப்பதில்லை.

ஆறுதலாகப் படித்தவர்கள் ஒன்று சொல்வார்கள்: சூரியக் கூடார உலர்த்தி இருக்கிறதே! இருக்கிறது. கொடிசியாவில் ஆண்டுதோறும் நடக்கிற வேளாண் கண்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பாலிகார்பனேட் தகடு போட்ட கூடாரம், உள்ளே கான்கிரீட் தரை, ஈரக்காற்றை வெளியே தள்ள விசிறி. நல்ல கருவிதான். மழை விழாது, மயில் கொத்தாது, தூசி படியாது, வெளியை விட உள்ளே சூடு அதிகம். அரசு மானியமும் தருகிறது. கொப்பரைக்கும் மிளகாய்க்கும் முருங்கைக்கீரைக்கும் பிரமாதம். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் சதுர அடிக் கூடாரத்தில், அதே நாலு சென்டிமீட்டர் கனத்தில், ஒரு தடவைக்கு இரண்டேகால் டன் மக்காச்சோளம் காயும். இறவையில் நன்றாக விளைந்த ஒரு ஏக்கரே அதைத் தாண்டும். சுற்றுவட்டாரம் மொத்தமும் அறுப்பது ஒரே பத்துப் பதினைந்து நாளில். மானியம் போக மீதிப் பணத்துக்கு நகை அடமானம், கூடாரம் போடச் சொந்தமாக ஒரு மேட்டு நிலம், இவை இரண்டும் இருக்கிறவன் முதலில் ரோட்டுக்கே வந்திருக்க மாட்டான். குத்தகைக்காரனுக்கு மானிய விண்ணப்பத்தில் முதல் கட்டமே தாண்டாது. ஊருக்குச் செய்ய வேண்டிய வேலையை ஒற்றை ஆளின் தலையில் கட்டி, நாற்பது பக்க விண்ணப்பத்தோடு கையில் கொடுத்துவிட்டு அதற்குத் திட்டம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

சென்னைச் சைதாப்பேட்டையிலிருந்து விவசாயக் கல்லூரி இந்த ஊருக்கு வந்தது 1906-ல். அது பல்கலைக்கழகமானது 1971-ல். எத்தனை டிகிரியில் எந்த விதை முளைப்புத்திறன் இழக்கும், எந்தக் கனத்தில் பரப்பினால் எவ்வளவு நேரத்தில் காயும் என்பதெல்லாம் மருதமலை ரோட்டில் அச்சாகி அலமாரியில் இருக்கிறது. அறிவுக்குக் குறைவே இல்லை. லாலி ரோட்டுச் சிக்னலைத் தாண்டி அது தரைக்கு வர நூறு வருடம் போதவில்லை.

இதில் உங்களுக்கு என்ன என்று நினைக்கிற நகரவாசிக்கு ஒரு வார்த்தை. சரியாகக் காயாத மக்காச்சோளத்தில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்கிற பூஞ்சணம் பிடிக்கும், அது அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைக் கக்கும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தபோதுதான் உலகத்துக்கு இந்த நஞ்சு தெரிந்தது. குற்றவாளி, தீவனத்தில் கலந்த பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு. 2004-ல் கென்யாவில் ஈரத்தோடு சேமித்த மக்காச்சோளத்தைத் தின்று 125 மனிதர்கள் செத்தார்கள். நம் மக்காச்சோளம் நாமக்கல்லுக்கும் பல்லடத்துக்கும் கோழித்தீவனமாகப் போகிறது. முட்டை காந்திபுரம் பேக்கரி பஃப்ஸுக்குள் வருகிறது, பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் சத்துணவுத் தட்டுக்கு வருகிறது. தீவனக்காரர் மீட்டரை வைத்து அளப்பது சரிதான். அளக்கிற கருவிக்கு ஆயிரம் கண் இருக்கிறது, காயவைக்கிற தரைக்கு மட்டும் ஒரு கையும் நீளவில்லை. ரோட்டில் கிடக்கிற சோளத்தை நீங்கள் விரட்டினால் அது ஈரத்தோடு மூட்டைக்குள் போகும். மூட்டைக்குள் போனது உங்கள் தட்டுக்கு வராது என்று யார் உத்தரவாதம் கொடுத்தார்கள்?

இந்த மண்ணின் விவசாயி வாயில்லாதவன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1970 ஜூன் 19-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் பெருமாநல்லூரில் மூன்று பேர் துப்பாக்கிக் குண்டுக்குச் செத்தார்கள். 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகளை ஓட்டிவந்து இதே கோவையை நிறுத்திக் காட்டினார்கள். மோட்டாருக்கு இலவச மின்சாரம் யாரும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்ததில்லை. மேம்பாலத்தில் மக்காச்சோளம் என்று நான் எழுதுவதைக் கிண்டல் என்று சிரித்துவிட்டுப் போகிறவர்கள், வண்டி கட்டத் தெரிந்த ஊர் இது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்பது மேம்பாலமும் இல்லை, பூங்காவும் இல்லை. தானியம் விளைகிற ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு ஏக்கர் பொதுக் களம், அதில் பாதிக்குச் சூரிய ஒளி புகுகிற கூரை. மழைக்காலத்துக்கு, வாடகைக்குக் கிடைக்கிற உலர்த்தும் இயந்திரம், அறுவடை மெஷின் வருகிற அதே வாரத்தில். விற்கிறவன் கண்ணெதிரே திருப்பி வைத்த, முத்திரை போட்ட ஈரமானி. புறம்போக்குப் பதிவேட்டில் இருக்கிற களங்களை வேலி பிடுங்கி மீட்பது. 1,791 கோடிக்குப் பத்து கிலோமீட்டர் பாலம் கட்டத் தெரிந்த அரசுக்கு இதில் எதற்கும் பொறியாளர் பற்றாக்குறை இல்லை, சிமென்ட் பற்றாக்குறை இல்லை. பற்றாக்குறை எதில் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஓட்டுக் கேட்டு உங்கள் ஊருக்கு யார் வந்தாலும், எந்தச் சின்னத்தோடு வந்தாலும், ஆரத்தித் தட்டைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு ஒரே கேள்வி கேளுங்கள்: "எங்க ஊராட்சிக்கு எத்தன சதுர அடி களமுங்க?" பதில் எண்ணாக வர வேண்டும். பேச்சாக வந்தால், ஓட்டும் பேச்சோடு நிற்கும் என்று சொல்லி அனுப்புங்கள்.